அவசரப் பூசணி

பிப்ரவரி 3

வீட்டு முன்னால் இருக்கிற மண்ணுக்கு ஆயுசு இந்த ஒரு வருஷம்தான். மகன் தீர்ப்புச் சொல்லிவிட்டான். கார் நிறுத்த இடம் வேண்டுமாம்.

"ஒரு சீசன் தரேன்ப்பா. நீங்க ஒத்தை ஆளா தூக்க முடியாத காய் ஒண்ணு காட்டுங்க, மண்ணு உங்களுக்கு. இல்லன்னா சிமென்ட்."

எனக்குப் பால் பாக்கெட்டையே தூக்க முடியலைடா, ஜெயிச்சாச்சுன்னு வெச்சுக்கோ என்றேன். சிரிக்கவில்லை.

ராட்சதப் பூசணி விதை மூன்று வாங்கி வந்தேன். ஒவ்வொன்றும் கட்டைவிரல் நகத்தைவிடப் பெரிசு. ஒன்றை இன்றே ஊறப் போட்டாச்சு.

பிப்ரவரி 4

மருமகள் பாக்கெட்டைப் படித்தாள். "மாமா, வெளியே குளிர் விடறதுக்கு மூணு நாலு வாரம் முன்னாடிதான் போடணும்னு இருக்கு. நம்ம மலையில ஏப்ரல் வரைக்கும் குளிருமே, இப்பவே போட்டா நடுவீட்டுலதான் காய்க்கும்."

காய்க்கட்டும், உன் மாமியாரைக் கொஞ்சம் தள்ளி உட்காரச் சொல், இடம் கிடைக்கும் என்றேன். வீட்டுக்காரி உள்ளேயிருந்து, "முதல்ல அந்த வாய்க்கு ஒரு வேலி போடுங்க" என்றாள்.

பிப்ரவரி 11

ஃப்ரிட்ஜ் தலையில், அந்தச் சூட்டில், ஈரத்துணிக்குள்ளேயே முளை விட்டுவிட்டது. பந்திக்கு முந்துன்னு சும்மாவா சொன்னாங்க.

மார்ச் 2

ஜன்னலில் வெயில் போதவில்லை. தண்டு வெளுத்து நீண்டுகொண்டே போகிறது. மூன்றாவது தொட்டி மாற்றினேன். மாற்றும்போதெல்லாம் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்கிறது. பூசணிக்கு வேரைத் தொட்டால் ஆகாதாம், முதலிலேயே பெரிய தொட்டியில் போட்டிருக்க வேண்டுமாம். அதை முதலிலேயே சொல்லக் கூடாதா? மருமகள் சொன்னாள்தான். எனக்குத்தான் அப்போது காது கேட்கவில்லை.

மார்ச் 19

கொடி வாஷிங்மெஷின் குழாயைப் பிடித்துக்கொண்டது. துணி துவைக்க முடியாமல் மூன்று பேரும் என்னையே முறைக்கிறார்கள். கொடியை முறைங்கப்பா, நான் என்ன பண்ணினேன்.

மார்ச் 28

பொறுக்க முடியவில்லை. வெளியே மண்ணில் வைத்துவிட்டேன்.

மார்ச் 29

ராத்திரி உறைபனி அடிச்சிருச்சு. வெந்நீர் கொட்டின மாதிரி இலையெல்லாம் தொங்கிக் கிடக்கு. ச்சே. இன்னும் கொஞ்ச நாள் பொறுத்திருந்தா — யார் பொறுக்கிறது? நானா?

ஏப்ரல் 16

இரண்டாவது விதை. ஓரத்தை லேசாக உரசினால் தண்ணீர் சீக்கிரம் இறங்கும், முனையை மட்டும் தொடாதீங்க என்றார் விதைக்கடைக்காரர். மருமகள் நகம் தேய்க்கிற அரத்தை எடுத்தேன். லேசாகத் தேய்த்தால் சீக்கிரம் என்றால், நன்றாகத் தேய்த்தால் இன்னும் சீக்கிரம்தானே? உள்ளே இருந்த பருப்பு எட்டிப் பார்த்தது.

ஏப்ரல் 21

அழுகிவிட்டது. அவள் அரத்தை வேறு தேடுகிறாள்.

மே 4

கடைசி விதை. நேராக மண்ணிலேயே போட்டேன். காலமும் சரி, சூடும் சரி. தோண்டிப் பார்க்க மாட்டேன் என்று வீட்டுக்காரி சத்தியம் வாங்கினாள். ஒரே ஒரு தடவைதான் பார்த்தேன்.

ஜூலை 12

நாலு பிஞ்சு. ஒன்றை விட்டு மற்றதைக் கிள்ளினால்தான் அந்த ஒன்று ராட்சதனாகும். கத்தரிக்கோலோடு போனேன். எதைன்னு கிள்ளுறது? நாலும் ஒரே மாதிரி முழிக்குது. திரும்பி வந்துவிட்டேன்.

மகன் மாடியிலிருந்து, "என்னப்பா, எல்லாருமே பாஸா?" என்றான்.

நான் என்ன வாத்தியாரா, ஃபெயில் போட.

செப்டம்பர் 14

மகன் பார்க்க, இருக்கிறதில் பெரியதைத் தூக்கினேன். வந்துவிட்டது. ஒரே கையில். இந்தப் பாழாப்போன கைக்கு இன்னைக்குத்தானா பலம் வரணும்?

அவன் காயை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு உள்ளே போய்விட்டான். ஏதாவது சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

அக்டோபர் 9

கொத்தனார் வந்தார். நான் வெளியே போகவில்லை.

அக்டோபர் 10

போய்ப் பார்த்தேன். எல்லாம் சிமென்ட். சுவரோரம் மட்டும் ஒரு பாய் விரிக்கிற அளவுக்கு மண் அப்படியே கிடக்கிறது. மறந்துட்டீங்களா என்று கொத்தனாரிடம் கேட்டேன்.

"உங்க பையன்தான் சாக்பீஸால கோடு போட்டுக் காட்டினாரு ஐயா. இதைத் தொடாதீங்கன்னாரு."

இதில் பூசணி காலைக்கூட நீட்ட முடியாது. எதுக்கு இது? பிச்சையா? சாப்பிடும்போது அவன் முகத்தை நான் பார்க்கவில்லை. என் முகத்தை அவனும் பார்க்கவில்லை. சரிக்குச் சரி.

ஜனவரி 6

மருமகள் ஒரு பாக்கெட்டோடு வந்தாள். "மாமா, உங்க அவசரத்துக்கு ஏத்த ஆளு கிடைச்சாச்சு. ராட்சத வெங்காயம். நடுக்குளிர்லயே வீட்டுக்குள்ள போட்டுடணுமாம். லேட் பண்ணினாதான் தப்பாம். அதிகமா இடமும் கேக்காது."

கிண்டல்தான். என்கிட்டேயே கத்துக்கிட்டு என்கிட்டேயே காட்டுறா. வாங்கிக்கொண்டேன்.

ஜனவரி 19

முளை வந்திருக்கிறது. நூல் மாதிரி, கூன் போட்டுக்கொண்டு. இதுவா ராட்சதன்? எவனோ நல்லா ஏமாத்திட்டான்.

ஏப்ரல் 13

நாற்றுகளைச் சுவரோரப் பாத்தியில் நட்டேன். மத்தியானம் பார்த்தால் கார் நிழல் பாதிப் பாத்தியில் விழுகிறது. மண்ணும் போச்சு, வெயிலுமா போகணும்? அவனிடம் போய்க் கேட்பதா? அவன் அறை வாசல் வரை போனேன். கேட்கவில்லை.

ஏப்ரல் 14

காலையில் கார் பின்னால் தள்ளி நிற்கிறது. பின்பக்கம் கேட்டைத் தாண்டித் தெருவில் நீட்டிக்கொண்டிருக்கிறது. கேட்டைச் சாத்தவும் முடியாது. பார்க்கச் சகிக்கவில்லை. மத்தியானம் வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன். பாத்தி முழுக்க வெயில்.

எதிர்வீட்டுக்காரர் சைக்கிளை வளைத்து ஓட்டிக்கொண்டே, "எந்தப் புத்திசாலி சார் இப்படி நிறுத்தினது?" என்றார்.

எனக்கும் அதுதான் சார் புரியலை என்றேன்.