முடிந்து வைத்த நாலணா

22-6-2011, புதன்

எழுத்து கோணலாகத்தான் வருகிறது. வயதான பிறகு பழகிய கை, மன்னிக்க வேண்டும்.

இன்று பேங்க்கில் ஒட்டியிருந்த நோட்டீசை நானே எழுத்துக்கூட்டிப் படித்தேன். இந்த மாதத்தோடு நாலணா செல்லாதாம். படித்துவிட்ட சந்தோஷத்தில் வீட்டுக்கு வந்ததும் மனைவி கன்னியம்மாளிடம் சொன்னேன். அவள் முகம் மாறிவிட்டது. மகளுக்குச் சுகப்பிரசவம் ஆக வேண்டுமென்று குன்றத்தூர் முருகனுக்கு ஒரு ரூபாயும் நாலணாவுமாக ஒன்றேகால் ரூபாயை மஞ்சள் துணியில் முடிந்து வைத்திருக்கிறாள். பிரசவம் அடுத்த மாதம்தான்.

“இப்பவே அவுத்து மாத்திடலாம்” என்றேன்.

“வேண்டிக்கினு போட்ட முடிச்சு. புள்ள பொறக்கறதுக்குள்ள அவுத்தா இன்னா ஆவும்? அதையும் படிச்சி சொல்லேன்” என்றாள்.

அவள் சாப்பிடாமல் படுத்துவிட்டாள், ஆனால் தூங்கவில்லை. முடிச்சு அப்படியே இருக்கட்டும். கூட ஒரு ரூபாய் உண்டியலில் போட்டால் முருகன் ஏற்றுக்கொள்ள மாட்டாரா? அடுத்த வாரம் மகளை டாக்டரிடம் காட்டிவிட்டு வந்து எழுதுகிறேன். நல்ல சேதியாக எழுத வேண்டும்.