வெண்பா எழுதிய அரைப் பக்கம்

நவம்பர் 10, 2025, திங்கள்

மூன்றாம் வகுப்புக்கு இனி நன்னெறிப் பாடமும் நான்தானாம். கிறிஸ்தவப் பிள்ளைகள் மறைக்கல்விக்குப் போகிற பீரியடில் மற்ற பிள்ளைகளுக்கு அது. இருபது வருடமாக இந்தப் பள்ளியில் கணக்கு எடுக்கிறவள் நான். "கணக்குன்னா விடை புக்குக்குப் பின்னாடி இருக்கும். இதுக்கு எங்க பாக்குறது சிஸ்டர்?" என்றேன். தலைமையாசிரியை அமலோற்பவம் சிஸ்டர் என்னைவிடப் பத்து வயது சின்னவர். சிரித்துக்கொண்டே புத்தகத்தைக் கையில் கொடுத்துவிட்டார். முதல் பாடம், உண்மை பேசுதல்.

நவம்பர் 13, வியாழன்

பாடம் முடித்து, "நீங்க சொன்ன ஒரு பொய்ய எழுதுங்க" என்றேன். பல் தேய்க்காதது, தம்பி பிஸ்கட்டைத் தின்றது, இப்படித்தான் எல்லாம். வெண்பா மட்டும் அரைப் பக்கம் எழுதியிருந்தாள். "லீவு போட்டப்பல்லாம் எனக்கு காச்சல் இல்ல டீச்சர். அம்மாகூட பட்டறைக்குப் போயி அகல் விளக்குக்கு பெயின்ட் அடிச்சேன். அம்மாதான் காச்சல்னு லெட்டர் எழுதுனாங்க."

எவ்வளவு தைரியம் இந்தப் பிள்ளைக்கு. அதைச் சத்தமாக வாசித்து எல்லோரையும் கைதட்டச் சொன்னேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். வெட்கம் போலிருக்கிறது.

நவம்பர் 14, வெள்ளி

குழந்தைகள் தினம். எல்லோருக்கும் மிட்டாய். வெண்பா வரவில்லை.

நவம்பர் 17, திங்கள்

வெண்பாவின் அம்மா நீலாவதி வந்தாள். நான் வாசித்ததைப் பிள்ளைகள் வீட்டில் சொல்ல, அது பீங்கான் பட்டறை முதலாளி அர்ச்சுனன் காதுக்குப் போயிருக்கிறது. அதிகாரிகள் வந்துவிடுவார்களோ என்று பயந்து, நீலாவதியை வேலைக்கே வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். கார்த்திகை நேரம். வருடத்தில் அவளுக்குக் கைநிறைய வேலை இருப்பது இந்த மாதம்தான்.

"உண்மை பேசக் கத்துக் குடுத்தீங்க. நல்லதுதான். ஆனா அவ உங்ககிட்டதான டீச்சர் சொன்னா? நீங்க ஏன் ஊருக்கே சொன்னீங்க?"

அவள் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தேவலை.

"நான் ஒண்டி ஆளு. புள்ளய அழச்சிகினு போனது தப்புன்னு எனக்குத் தெரியாதா?" என்றவள், டி.சி. கேட்டாள்.

என்ன செஞ்சிட்டேன் நான்? கைதட்ட வேற சொன்னேனே. கைதட்ட.

நவம்பர் 18, செவ்வாய்

சிஸ்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று இருந்தேன்.

"பாடம் தப்பில்ல கனகா டீச்சர். எங்க கோயில்ல பாவசங்கீர்த்தனம் இருக்குது, செஞ்ச பாவத்த சாமியாருகிட்ட ரகசியமா சொல்றது. அதுல கேட்டத உயிரே போனாலும் சாமியாரு வெளிய சொல்ல மாட்டாரு. அந்த நம்பிக்கையிலதான் ஜனங்க வாயத் தொறக்குறாங்க." பிறகு, "லீவ் லெட்டர்ல நானும்தான் கையெழுத்துப் போட்டேன். ஏன் இத்தனை காய்ச்சல்னு கேக்கலியே" என்றார். டி.சி. எழுதவில்லை. நீலாவதியைப் போய்ப் பார்த்துவிட்டு வரச் சொன்னார்.

இருபது வருடம் இவர்களுடைய காலை ஜெபத்தில் கண்ணை மூடி நின்றிருக்கிறேன். இது எனக்குத் தோன்றவே இல்லையே.

நவம்பர் 19, புதன்

மழை, லீவு. நாளைக்குப் போகலாமே என்று ஒரு மனசு. குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

முதலில் பட்டறை. "புள்ளய நான் கூப்பிடலைங்க. வந்துச்சு, பாக்காத மாதிரி இருந்துட்டேன்" என்றார் அர்ச்சுனன். பிள்ளை இனி அங்கே கால் வைக்கக் கூடாது, நீலாவதிக்கு வேலை வேண்டும் என்றேன். பிள்ளை வராது என்று என்னிடம் உறுதி வாங்கிக்கொண்டு, "திங்கக்கெழம வரச் சொல்லுங்க" என்றார்.

பிறகு அவர்கள் வீடு. வெண்பாவின் முன்னால் உட்கார்ந்து, "உன்னக் கேக்காம வாசிச்சது என் தப்பு" என்றேன்.

"மறுபடியும் கைதட்டுவாங்களா டீச்சர்?"

"தட்ட மாட்டாங்க."

நீலாவதியிடம், சாயங்காலம் நான் வேண்டுமானால் பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். "வேணாங்க. பக்கத்து வூட்டுல வுட்டுக்கறேன்." முகம் பார்த்துச் சொல்லவில்லை. டீயும் தரவில்லை. தர வேண்டும் என்று இருக்கிறதா என்ன?

நவம்பர் 24, திங்கள்

வெண்பா வந்துவிட்டாள். கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தாள்.

நவம்பர் 27, வியாழன்

நன்னெறி பீரியட். யாரையும் எதையும் எழுதச் சொல்லவில்லை.

டிசம்பர் 12, வெள்ளி

பள்ளி விட்ட பிறகு நீலாவதி கேட்டருகே நின்றிருந்தாள். கை முழுக்கப் பட்டறையின் வெள்ளை மாவு. "கிறிஸ்துமஸ் குடில் பொம்மை லோடு ஏத்தணும் டீச்சர். பக்கத்து வூட்ல ஆளில்ல. இவள கொஞ்ச நேரம் வச்சிக்கிறீங்களா?" கேட்டுவிட்டு, என் பதிலுக்காக நின்றாள்.

பள்ளி முற்றத்தில் மாதா சிலை இருக்கிற கெபியின் படியில் நானும் வெண்பாவும் உட்கார்ந்திருந்தோம். ஏழாம் வாய்ப்பாடு சொன்னாள். ஏழு எட்டில் தடுக்கியது. ஐம்பத்தாறு என்று எடுத்துக் கொடுத்தேன். திடீரென்று பக்கத்தில் நகர்ந்து வந்து, என் காதில் ஒரு விஷயம் சொன்னாள்.

அதை இங்கேகூட எழுதப் போவதில்லை.