கால்வாய்ச் சாலைக்கு இரண்டு சாப்பாடு

அக்கா,

இன்று காலை செவன் ஹில்ஸ் கிடங்கில் சாப்பாட்டு வேனின் பின்கதவைத் திறந்தேன். சூடான அலுமினியத் தட்டுகளின் வாசனை முகத்தில் அடித்தது. வெந்த பட்டாணி, மசித்த உருளைக்கிழங்கு, ஆட்டிறைச்சிக் குழம்பு, மூடிக்குள் கோத்திருக்கும் நீராவி. வேலையிடத்தில் நின்று அழுவது எனக்குப் பிடிக்காத காரியம். இருந்தாலும் கொஞ்சம் அழுதேன். டிரைவர் பயந்து போய் என்னவென்று கேட்டார். கண்ணில் தூசி என்று சொன்னேன். அவர் நம்பவில்லை. நீங்கள் பக்கத்தில் இருந்திருந்தால், "உமக்குப் பொய் சொல்லவும் வராது" என்று தோளைக் குலுக்கிச் சிரித்திருப்பீர்கள்.

நான் இப்போது சிட்னிக்கே திரும்பி வந்து, கிரவீன் பகுதியில் இருக்கிறேன். வேலை அதேதான், முதியவர்களுக்கும் முடியாதவர்களுக்கும் வீட்டுக்கே போய்ச் செய்யும் சேவைகள். ஆனால் இங்கே ஒரே தெருவில் பத்து வீடு கிடைக்கும். நாம் சேர்ந்து வேலை பார்த்த கிராமத்தில் ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவே கோதுமை வயலைத் தவிர ஒன்றுமே இருக்காது. அங்கே காரோட்டிய நேரத்தில்தான் நாம் பாதி உலகத்தைப் பேசித் தீர்த்தோம். இங்கே சிக்னலில் நிற்கும்போது பேச ஆளில்லாமல் ரேடியோவைத் திட்டிக்கொண்டிருக்கிறேன்.

ஸ்ட்ராத்ஃபீல்ட் ஃபிளாட்டைக் காலி செய்துவிட்டு, சிட்னியிலிருந்து நாள் முழுக்க மேற்கே ஓட்டி, அந்தக் கிராமப்புறக் கவுன்சிலில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது, நூலகத்தை ஒட்டிய ஒரு நீண்ட அறைதான் மொத்த சமூக சேவைப் பிரிவும். எதிரெதிரே இரண்டு மேசை. பஸ்ஸும் வீட்டு உதவியும் என் பக்கம். சாப்பாடும் குழந்தைகள் விளையாட்டும் உங்கள் பக்கம். நான் மதுரைக்காரி, நீங்கள் யாழ்ப்பாணம். "நீர் சாப்பிட்டனீரோ?" என்று முதல் நாள் நீங்கள் கேட்டதும், ஒரு நொடி நான் ஏதோ புராண நாடகத்துக்குள் வந்துவிட்டதாக நினைத்தேன். "நீங்க சாப்பிட்டீங்களாக்கா?" என்று நான் திருப்பிக் கேட்டதற்கு, "என்ன பிள்ளை இப்பிடி இழுத்து இழுத்துக் கதைக்கிறீர்" என்றீர்கள். நாம் பேசும் வேகத்தைப் பார்த்து அலுவலகத்தில் எல்லோரும் நாம் தினமும் சண்டை போடுகிறோம் என்றே நம்பினார்கள். பாதி நாள் அது உண்மையாகவும் இருந்தது.

திட்டங்கள் எல்லாம் சிட்னியிலிருந்து வரும்போது தனித்தனிப் பெயரோடு கம்பீரமாகத்தான் வரும். முதியோருக்கு ஒன்று, மாற்றுத் திறனாளிகளுக்கு ஒன்று, சின்னக் குழந்தை உள்ள தாய்மாருக்கு ஒன்று, போக்குவரத்துக்கு ஒன்று. நம் அறைக்குள் நுழைந்ததும் அத்தனையும் சேர்ந்து இரண்டு பெண்களும் ஒரு பஸ்ஸும் ஆகிவிடும். வாரத் தொடக்கத்தில் நோயாளிகளைப் பெரிய ஊர் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போன அதே பஸ், வாரக் கடைசியில் பொம்மைகளையும் பிளாஸ்டிக் சறுக்கு மரத்தையும் ஏற்றிக்கொண்டு ஏதாவது ஒரு தகரக் கூரை மண்டபத்துக்குப் போகும். ஒரே ஒரு தாய் குழந்தையோடு வந்தாலும் நீங்கள் பாயை விரித்து எல்லாப் பொம்மையையும் எடுத்து வைப்பீர்கள். அறுவடை வந்தால் தன்னார்வலர்கள் எல்லோரும் வயலில் இருப்பார்கள், நாமே சாப்பாட்டை எடுத்துக்கொண்டு ஓடுவோம்.

இறைச்சித் தொழிற்சாலைக்குத் தமிழ் ஆட்கள் வந்த வருடம் நினைவிருக்கிறதா? இலங்கையிலிருந்து படகில் வந்து, தற்காலிக விசாவில், மனைவி பிள்ளைகளை ஊரில் விட்டுவிட்டு ஒரு வீட்டில் ஏழெட்டுப் பேராக இருந்தவர்கள். நம் திட்டங்களில் பெரும்பாலானவை அவர்களுக்குக் கிடையாது என்று விதி சொன்னது. நான் விதியைப் படித்துவிட்டு இரண்டு நாள் கத்திக்கொண்டிருந்தேன். நீங்கள் கத்தவில்லை. "எங்களால அவைக்குக் குடுக்க ஏலாது எண்டா, அவையிட்ட வாங்குவம்" என்று சொல்லி, காரும் லைசன்ஸும் இருந்தவர்களைச் சாப்பாடு கொண்டுபோகச் சேர்த்துவிட்டீர்கள். பண்ணை வீட்டுக் கிழவிகள் அவர்களை உட்காரவைத்துத் தேநீர் கொடுத்தார்கள், பழைய கோட்டு கொடுத்தார்கள், ஆங்கிலம் திருத்தினார்கள். எந்தத் திட்டத்திலும் எழுதாத சேவை அது. அவர்களில் சிவா என்பவன்தான் கால்வாய்ச் சாலைப் பக்கம் புதன்கிழமைகளில் போய்க்கொண்டிருந்தான்.

நம் வேலையில் தொல்லை தூரம் மட்டும் இல்லை. யாரும் வாயைத் திறந்து வேண்டும் என்று சொல்ல மாட்டார்கள். "ஐ'ம் ரைட்" என்பார்கள், எனக்கு ஒரு குறையும் இல்லை, நீ போகலாம் என்று அதற்கு அர்த்தம். ஒருவருக்கு எவ்வளவு உதவி தேவை என்று மதிப்பிட ஓர் அதிகாரி வீட்டுக்கு வருவார் அல்லவா, அந்த அசெஸ்மென்ட் நாளுக்கு முந்தின நாள் எல்லோரும் வீட்டைக் கழுவித் துடைத்துவிடுவார்கள். கால்வாய்ச் சாலைக் கடைசியில் ஆட்டுப் பண்ணை வைத்திருந்த கென், இடுப்பு எலும்பு உடைந்து தேறிய கையோடு, முகம் மழித்து டை கட்டி, அந்த அதிகாரியின் கண்முன்னால் விறகு வெட்டிக் காட்டினார். இவருக்கு ஒரு உதவியும் தேவையில்லை என்று முடிவு வந்தது. பிறகு அவருக்கு ஒரு வேளைச் சாப்பாடு வாங்கிக்கொடுக்க நீங்கள் எத்தனை மாதம் போராடினீர்கள்! "நாளைக்கு ஆக்கள் வருகினம் எண்டா இண்டைக்கு வீட்டை மினுக்கிறது. பேந்து எப்பிடி உதவி கிடைக்கும்? விசர் மனுசர்" என்று அன்று முழுக்க என் தலையைத் தின்றீர்கள்.

அதனால்தான் நீங்கள் செய்ததை என்னால் இன்றும் நம்ப முடியவில்லை.

உங்களுக்கு முதலில் கை நடுங்கியது, பிறகு கால் சொன்னபடி கேட்கவில்லை. வேலையை விட்டீர்கள். மெல்போர்னில் இருந்த மகள் தன்னோடு வந்துவிடச் சொன்னாள். நல்ல பெண். ஆனால் அவள் வீடு நாலாவது மாடி, சன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டடத்தின் சுவர். அதே கால்வாய்ச் சாலையில், கரையோரம் அத்தான் பார்த்துப் பார்த்துக் கட்டிய வீட்டில், அவர் போன பிறகும் நீங்கள் ஒற்றை ஆளாகக் காத்த வீட்டில்தான் கடைசிவரை இருக்க வேண்டும் என்று நீங்கள் விரும்பினீர்கள். அதற்கு ஒரே வழிதான் இருந்தது. நாம் நடத்திய சேவையை நீங்களே வாங்கிக்கொள்ள வேண்டும். வீட்டில் தனியாக இருக்கப் போதுமான உதவி கிடைத்தால் நான் சம்மதிக்கிறேன், இல்லையென்றால் மாதக் கடைசியில் வந்து கூட்டிப்போகிறேன் என்று மகள் திட்டவட்டமாகச் சொல்லிவிட்டாள்.

கூட வேலை செய்தவர்கள் மதிப்பிடக் கூடாது என்பதால் பக்கத்துக் கவுன்சிலிலிருந்து ஓர் இளைஞன் வந்தான். நீங்கள் மயில் நிறப் புடவை கட்டி, பூ வைத்த தேநீர்க் கோப்பைகளை எடுத்து, கையூன்றும் தடியைக் கதவுக்குப் பின்னால் ஒளித்துவைத்து, அவனுக்கு இறைச்சி அடைத்த ரோல்ஸ் பொரித்துக் கொடுத்தீர்கள். நின்றுகொண்டே! அவன் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு, எப்படிச் செய்வது என்று வேறு கேட்டுப் போயிருக்கிறான். இந்த அம்மா எல்லாம் தானே செய்துகொள்கிறார், உதவி தேவையில்லை என்று எழுதிவிட்டான். அவனைக் குற்றம் சொல்ல என்னால் முடியவில்லை. உங்கள் ரோல்ஸைச் சாப்பிட்டவன் வேறு எப்படி எழுதுவான்?

மறுநாள் மத்தியானம் உங்களோடு சண்டை போடுவதற்கென்றே வந்தேன். நீங்கள் குசினி என்று சொல்லும் சமையலறையில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தீர்கள். பொரித்த எண்ணெய்ச் சட்டி அடுப்பிலேயே இருந்தது.

"என்னக்கா, கதவு திறந்தே கிடக்கு?"

"ஒண்டுமில்லை. சும்மா இருக்கிறன்."

"எப்ப இருந்து?"

"விடியக்காலமையிலயிருந்து. எழும்ப வருகுதில்லை."

உங்களைத் தூக்கி, முகம் கழுவிவிட்டு, கஞ்சி வைத்துக் கொடுத்த பிறகுதான் என் கோபம் திரும்பி வந்தது.

"அந்தப் பையன் முன்னாடி எதுக்கு அந்த ஆட்டம் ஆடினீங்க?"

"வீட்டுக்கு வந்த பிள்ளைக்கு ஒண்டும் குடுக்காமல் விடுறதே?"

"அவன் விருந்தாளி இல்லக்கா. உங்களால என்னென்ன முடியலன்னு பார்க்க வந்தவன். இப்ப உங்க பொண்ணு வந்து கூட்டிட்டுப் போயிடும். அதுக்கா இவ்வளவும்?"

நீங்கள் கஞ்சிக் கோப்பையைத் தள்ளி வைத்தீர்கள்.

"எனக்குத் தெரியும். எல்லாம் தெரியும். ஏலாது எண்டு என்ர வாயால சொல்ல வருகுதில்லை. நான் என்ன செய்ய?"

உங்களைக் கட்டிலில் படுக்கவைத்தேன். அலுவலகத்துக்குத் திரும்பினேன். அங்கே வேறொரு தலைவலி காத்திருந்தது. கால்வாய்ச் சாலைப் பக்கம் கென் ஒருவர் மட்டுமே மிச்சம், சாப்பாட்டுக் கார் போகும் ஒரு வழியில் இரண்டு வீடாவது இல்லையென்றால் அந்த வழியை நிறுத்திவிடலாம் என்று மேலே முடிவு செய்திருந்தார்கள். கென்னும் தன் ஒருவனுக்காக ஒரு கார் வருவது அசிங்கம், நிறுத்திவிடுங்கள் என்று போன் செய்திருந்தார். நான் மேசையில் தலையை வைத்துக் கிடந்தேன். பிறகு எழுந்து சாவியை எடுத்துக்கொண்டு திரும்பவும் உங்களிடம் வந்தேன்.

"நீங்க சாப்பாடு வாங்கலன்னா கென்னுக்கும் நின்னுடும். அவர் பிஸ்கட்டும் பீரும் வச்சு நாளைத் தள்ளுவார். உங்க இஷ்டம்."

என்னை முறைத்தீர்கள். சாகும்வரை மறக்க மாட்டேன் அந்த முறைப்பை.

"சரி, என்ர பேரைப் போட்டுவிடும். கென்னுக்காக மட்டும்."

"கென்னுக்காகத்தான்."

அங்கிருந்து நேரே கென்னின் வேலிக்குப் போனேன். அவர் நிறுத்தினால் உங்களுக்கும் கிடைக்காது, நீங்கள் இந்த ஊரை விட்டே போக வேண்டிவரும் என்று அவரிடம் சொன்னேன். அவர் நாயின் கழுத்தைச் சொறிந்தபடி யோசித்தார். "அப்படியென்றால் என் பெயர் இருக்கட்டும். அவளுக்காக" என்றார். இரண்டு பேரிடமும் நான் சொன்னது நிஜம்தான், அதனால் பொய் சொல்ல வராத எனக்கும் அது சுலபமாக வந்தது. திரும்பும் வழியில் தனியாகச் சிரித்துக்கொண்டே ஓட்டினேன். இத்தனை வருட வேலையில் அதைப்போல ஒரு நல்ல காரியம் நான் செய்ததில்லை.

நான் மறுபடி மதிப்பிடக் கேட்டு, இரண்டாம் முறை அதே இளைஞன் வந்தபோது நீங்கள் ஒன்றும் பொரிக்கவில்லை. தடியைப் பிடித்துக்கொண்டு, எழும்ப முடியாததை அவன் பார்க்கும்படி விட்டீர்கள். சாப்பாட்டுக்குப் பின்னாலேயே குளிப்பாட்ட ஒரு பெண் வந்தாள், குளியலறையில் கைப்பிடி வந்தது, மருத்துவத் தாதி வந்தாள். மகள் மாதத்தில் பாதியை உங்கள் வீட்டிலிருந்தே வேலை செய்து ஓட்டினாள். சிவா தட்டுக்கு அடியில் இடிச்ச தேங்காய்ச் சம்பல் ஒளித்துக் கொண்டுவருவது கவுன்சிலுக்குத் தெரியாது என்று நீங்கள் இருவரும் நினைத்துக்கொண்டிருந்தீர்கள். "இந்தக் கறிக்கு உப்பைத் தூரத்தில நிண்டு காட்டினவையோ?" என்று என்னிடம் வாராவாரம் புகார். ஆனால் தட்டு காலியாகத்தான் திரும்பும். நமக்கு அப்படி ஒன்றரை வருடம் கிடைத்தது, அக்கா. வேலை முடிந்து வந்து உங்கள் கட்டிலோரம் உட்கார்ந்து மேலதிகாரிகளை நாம் கிழித்துத் தொங்கப் போட்ட அந்த மாலைகளைவிட நல்ல மாலைகளை நான் பார்க்கவில்லை.

நீங்கள் விரும்பியபடி உங்கள் அறையிலேயே போனீர்கள். மகள் கையைப் பிடித்திருந்தாள். சன்னல் திறந்திருந்தது.

காரியங்கள் முடிந்த பிறகு நான் கென்னைப் பார்க்கப் போனேன். இனி அந்த வழியில் அவர் ஒரே வீடு. வேண்டாம் என்று சொல்வார், எப்படிச் சம்மதிக்கவைப்பது என்று வழியெல்லாம் யோசித்தபடி போனேன். தட்டுகளை யார் கொண்டுபோவது என்ற கவலை இல்லை, வழி இருந்தாலும் இல்லாவிட்டாலும் தான் போவதாகச் சிவா சொல்லிவிட்டான். கென் என்னை உட்காரச் சொல்லிவிட்டு, நான் வாய் திறக்கும் முன்பே பேசினார்.

"முதல் வாரம் வாங்கிவிட்டு நிறுத்திவிடத்தான் இருந்தேன். அவளுக்கு அது எப்படியோ தெரிந்துவிட்டது. போன் செய்தாள். 'கென், என்னால் இனிச் சமைக்க முடியாது. எழுந்து நிற்கவே முடியவில்லை. எனக்கு உதவி வேண்டும். நீ நிறுத்தாதே' என்றாள். அவளே சொல்லும்போது எனக்கென்ன வெட்கம்? நிறுத்தாதே பெண்ணே. எனக்கும் வேண்டும்."

நான் காரில் வந்து உட்கார்ந்தேன். குசினியில் நான் சண்டை போட்டுக் கேட்டும் வராத வார்த்தை அது. அந்தக் கிழவருக்கு வெட்கம் போக வேண்டும் என்பதற்காக உங்களுக்கு வந்துவிட்டது. முதலில் எனக்குப் பொறாமையாக இருந்தது. கொஞ்சம் இப்போதும் இருக்கிறது.

கிரவீனில் நான் கதவைத் தட்டும் வீடுகளிலும் எல்லோரும் வேண்டாம் என்றுதான் தொடங்குகிறார்கள். இப்போது நான் முதலில் என்னைப் பற்றிச் சொல்கிறேன். முழங்கால் வலி, தூக்கம் வராதது, ஞாயிற்றுக்கிழமைகளில் பேச ஆளில்லாதது. சொன்னால் அவர்களும் மெல்லச் சொல்கிறார்கள். வேலைக்காகச் சொல்ல ஆரம்பித்தேன், இப்போது அது வேலைக்காக மட்டும் இல்லை. ஆனால் உங்களிடம் இன்னும் சொல்லவில்லை. இவ்வளவு பக்கமும் சுற்றி வந்தது அதற்குத்தான்.

எனக்கு நீங்கள் வேண்டும், அக்கா.