வால்ட்ஸுக்கு முன் ஒரு கும்பிடு

பவானிபூர், புதன்கிழமை

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் ரத்த அழுத்தம் இப்போது எப்படி இருக்கிறது? அப்பா முழங்காலுக்குத் தைலம் தேய்க்கிறாரா? நான் நலம். விழுந்தது நான் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் நடனப் பள்ளியின் மேடை நிகழ்ச்சிக்கு இன்னும் பதினெட்டு நாள். எனக்கு முதல் மேடை. பயிற்சியாளர் அனிர்பன்தாவோடு (வங்காளத்தில் அண்ணனை 'தா' என்பார்கள்) வால்ட்ஸ் என்னும் ஜோடி நடனம் ஆட வேண்டும். இன்று ஒத்திகையில் இசை தொடங்கியதும் அவர் கை நீட்டியபடி வேகமாக வந்தார். நானோ சட்டென்று குனிந்து தரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். பரதநாட்டியத்தை விட்டுப் பதினான்கு வருடமாகிறது, அம்மா. உடம்பு என்னைக் கேட்கவே இல்லை. அவர் என்மேல் தடுக்கித் தலைகுப்புற விழுந்தார்.

"வாத்தியாரையே கவுத்திட்டியேடி!" என்றாள் அறைத்தோழி ஹர்ஷினி. வீங்கிய கணுக்காலைப் பிடித்துக்கொண்டு, எதற்குக் குனிந்தாய் என்று அவர் கேட்டார். மிதிக்கப்போவதற்காகப் பூமியிடம் மன்னிப்பு கேட்பது எங்கள் வழக்கம் என்றேன்.

"மூணு மாசமா என் காலைத்தானே மிதிக்கிற? என்கிட்ட கேளு," என்றார் இந்தியில்.

மேடையில் அவர் ஆடலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். கட்டு அவிழ்க்கும்வரை பத்து நாள் நான் தனியாகப் பழக வேண்டும்.

என் கொண்டை ஊசி டப்பாவை அனுப்பு. இங்கேயும் கிடைக்கும்தான். முன்வரிசையில் ஒவ்வொருவர் வீட்டாருக்கும் இரண்டு நாற்காலி. நம் ஊர் தூரமாயிற்றே, என்னுடையதை வேறு யாருக்காவது கொடுத்துவிடலாமா என்று கேட்டார்கள். அப்புறம் சொல்கிறேன் என்றேன்.

மெட்ரோவுக்கு நேரமாகிறது.

உன்,
சாய்பிரியா