மெல்ல யோசிக்கும் உயிர்கள்

1959 மார்ச் 3, நோட்டன் பிரிட்ஜ்
மழை. மகன் மூர்த்தி பாடசாலை மலருக்கு எழுதிய கட்டுரையைத் திருத்தித் தரச் சொன்னான். பிரபஞ்சம் விரிகிறதாம்; நட்சத்திரக் கூட்டங்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகிக்கொண்டே போகின்றனவாம். முடிவில் எல்லாம் குளிர்ந்துபோகும்; அப்போது அறிவுள்ள உயிர் எப்படிப் பிழைக்கும் என்று கேட்கிறான். அந்தப் பாடசாலையில் விஞ்ஞான ஆசிரியர் அவன். ஒற்றுப்பிழை பதினேழு.

மார்ச் 4
அவனது விடை: குளிரக் குளிர அவ்வுயிர்கள் மெல்ல யோசிக்கும். நெடுங்காலம் உறங்கும், விழித்து ஒன்றை நினைக்கும், மறுபடி உறங்கும். மிச்சமிருக்கும் வெப்பம் அப்படித்தான் தீராமல் நீடிக்கும்.

"இது ஒரு வாழ்வா?" என்றேன்.

"அப்பா தவறிப்போனதிலேருந்து நீங்க அப்படித்தானேம்மா இருக்கீங்க?" சிரித்தான்.

நான் சிரிக்கவில்லை. 'பிழைக்கும்' என்பதைப் 'பிழைக்கக்கூடும்' என்று மாற்றினேன்.

மார்ச் 19
மூர்த்தியின் பிரஜாவுரிமை விண்ணப்பம் தள்ளுபடி. திருச்சியில் படித்த மூன்று வருடம் இங்கே தொடர்ந்து வசிக்கவில்லை என்பது காரணம். இனி இந்தியாவுக்குப் போக வேண்டியதுதான். ஐம்பத்தொன்றில், வெளிநாட்டில் இருந்த காலம் பற்றி விண்ணப்பத்தில் கேட்ட கேள்வியை அவன் காலியாக விட்டிருந்தான். தேதிகளோடு நிரப்பியது நான். பள்ளியில் கன்னியாஸ்திரிகள் மெச்சிய கையெழுத்து.

மார்ச் 20
சோறு வடித்தேன். வேறொன்றும் இல்லை.

மார்ச் 27
தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் வீரம்மாவுக்குப் பிரஜாவுரிமை கிடைத்திருக்கிறது. அவர் தோட்டத்துக் கிளார்க்காக இருந்த நாளிலிருந்து இவளுக்கு நான் கிளாக்கரம்மா. "எங்க வம்சத்துல எவனும் கப்பலையே கண்ணால பாத்ததில்லைன்னு விசாரணையில சொல்லிப்புட்டேன், கிளாக்கரம்மா. எங்க ஆத்தா கப்பல்ல வாந்தியெடுத்த கதைய தெனம் சொல்லும், பாவம்! நீங்க படிச்சவங்க, உண்மையப் போயி எழுதுவீங்களா?"

மே 11
மேல்முறையீடு. கண்டியில் விசாரணை. மூன்று வருடம் என்று எழுதியது என் பிழை, அவன் அங்கே இருந்தது பத்தே மாதம் என்று சத்தியம் செய்தேன். அறுபத்தெட்டு வயதில். அதிகாரி மூர்த்தியின் திருச்சிச் சான்றிதழைத் திருப்பிப் பார்த்தார்.

"பத்து மாதத்தில் பட்டமா, அம்மா?"

மூர்த்தி என் கையைப் பிடித்து எழுப்பினான். "போதும், வாங்கம்மா."

ஏன் அதை யோசிக்கவில்லை? நான் – எல்லாத்தையும் ரெண்டு தரம் பாக்கிறவ –

செப்டம்பர் 2
ஹட்டன் ஸ்டேஷன். மூர்த்தியை ரயிலேற்றினேன். கூடவே வரச்சொன்னான். எனக்கு இங்கே பிரஜாவுரிமை இருக்கிறது, வரவில்லை என்றேன். காரணம் அதுவல்ல. எந்த முகத்தோடு போய் அவன் வீட்டில் உட்காருவேன்?

1961 பெப்ரவரி 14
திருச்சியிலிருந்து கடிதம், நான்கு மாதத்துக்குப் பிறகு. வேலை நிரந்தரமாகிவிட்டதாம். இந்த முறை வரச்சொல்லிக் கேட்கவில்லை. பதில் எழுத உட்கார்ந்தேன். காலையில் 'அன்புள்ள மூர்த்தி' என்று எழுதினேன். அடுத்த சொல் வருவதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது.