மீன் படம் போட்ட எண்ணெய்ப் பேணி

அண்ணை,

இந்தத் தாளின் ஓரத்தில் ஒரு கறுத்த விரல் அடையாளம் இருக்கிறது. அது என்னுடையது. மூன்று தரம் சவர்க்காரம் போட்டுக் கழுவியும் போகவில்லை. பெற்றோலும் எண்ணெயும் சேர்ந்து எரிந்த நீலப் புகை என் சுவெற்றரிலும் தலைமயிரிலும் மணக்கிறது. இந்த மணம் வந்ததுமே உங்களுக்கு விளங்கியிருக்கும். ஓம் அண்ணை, ஓடிவிட்டது! உங்கள் பனி ஸ்கூட்டர் இன்று காலை ஓடிவிட்டது!

மெதுவாகத்தான் எழுதுகிறேன். ‘ஸ்கூட்டர்’ என்று எழுதி முடிப்பதற்குள் தேநீர் ஆறிவிட்டது. எழுபத்தொரு வயதில் நான் எழுதும் முதல் கடிதம் இது. யாருக்கு எழுதுவது என்று யோசிக்கவே இல்லை.

சில்க்போர்க்குக்கு வெளியே ஒரு பண்ணைக் கொட்டிலில் அந்த வண்டியை நீங்கள் கண்டெடுத்த நாள் ஞாபகம் இருக்கிறதா? பனியே ஒழுங்காக விழாத டென்மார்க்கில் இது எதற்கு என்று தொழிற்சாலையில் எல்லோரும் சிரித்தார்கள். நீங்கள் குனிந்து கயிற்றை ஒரு இழுவை இழுத்தீர்கள். அது இரண்டு முறை இருமியது. என்னைத் திரும்பிப் பார்த்த உங்கள் முகத்தில் முப்பது வயது குறைந்திருந்தது.

“தம்பி, கேட்டீரே? இது எங்கடை போட் எஞ்சின்ரை சத்தமெல்லே!”

“ஓம் அண்ணை. மண்ணெண்ணெய் மணந்தான் இல்லை.”

மன்னாரில் நீங்கள் ஒரு கரை, நான் ஒரு கரை. அங்கே ஒருவரை ஒருவர் தெரியாது. இங்கே ஒரே தொழிற்சாலையில் பக்கத்தில் பக்கத்தில் நின்றோம். அந்தச் சத்தம் எங்கள் இருவருக்கும் பொதுவாக இருந்தது. அதன்பிறகு ஒவ்வொரு மாசியிலும் வண்டியை இழுவைப் பெட்டியில் ஏற்றிக்கொண்டு சுவீடனுக்குப் போனோம்.

இனிச் சொல்லப்போவதை நான் உங்களிடம் நேரே சொல்லியிருக்க வேண்டும்.

கடைசியாகப் போனபோது, “எண்ணெய் குறைஞ்சு கிடக்கு, கறுப்புப் பேணியிலை இருந்து ஊத்தும்” என்றீர்கள். பெட்டியில் இரண்டு கறுப்புப் பேணிகள் இருந்தன. ஒன்றில் எஞ்சினுக்கான எண்ணெய். மற்றதில் சங்கிலிப் பெட்டிக்கு ஊற்றும் தடித்த எண்ணெய். இரண்டிலும் எழுத்து நிறைய இருந்தது. நான் கைக்கு வந்ததை எடுத்து ஊற்றினேன். அந்தக் குளிரில் அது தேன்பாகு மாதிரி இறங்கியது. அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம்.

உறைந்த ஏரியின் நடுவில் எஞ்சின் கீச்சிட்டு நின்றது. நீங்கள் இழுத்தும் கயிறு அசையவில்லை. எண்ணெய் போகாமல் பிஸ்டன் சிலிண்டரோடு ஒட்டிவிட்டது. நீங்கள் முன்னால் இழுக்க, நான் பின்னால் தள்ளி வண்டியைக் கரைக்குக் கொண்டுவந்தோம்.

உங்கள் வீட்டுக் கராஜில் வைத்து எண்ணெய்த் தாங்கிக்குள் விரலை விட்டு, பெருவிரலோடு சேர்த்துத் தேய்த்துப் பார்த்தீர்கள். நெடுநேரம் பார்த்தீர்கள். பிறகு, “பம்ப் பழுது. சனியன் எண்ணெயை அனுப்பேல்லை” என்றீர்கள். நான் தலையை ஆட்டினேன்.

எனக்கு எழுத்துத் தெரியாது என்பது என் வீட்டுக்கு வெளியே ஒருவருக்கும் தெரியாது என்றே நினைத்திருந்தேன். எட்டு வயதில் கடலுக்குப் போனவன் நான். இங்கே கடிதம் ஏதும் வந்தால் கண்ணாடியை மறந்துவிட்டேன் என்று சொல்லி உங்களிடம் நீட்டுவேன். “உம்மடை கண்ணாடி வீட்டை விட்டு வெளிக்கிடாத கண்ணாடி” என்று நீங்கள் பகிடி விடுவீர்கள்.

அடுத்த கிழமை அந்தக் கறுப்புப் பேணிகளில் ஒன்றில் மஞ்சள் பெயின்ற்றால் ஒரு மீன் வரைந்திருந்தது.

“இதென்ன அண்ணை?”

“சும்மா. வெறும் பேணி வடிவில்லை.”

“மீனுக்கு ஏன் வால் இல்லை?”

“பெயின்ற் முடிஞ்சுது. கதையாமல் அந்த நட்டுக் கழட்டுற சாவியைத் தாரும்.”

அந்தக் கோடை முழுவதும் எஞ்சினைக் கழற்றினோம். சிலிண்டரைக் கடைந்து, அதற்கேற்ற பெரிய பிஸ்டன் எடுத்தீர்கள். பேரிங்குகள், சீல்கள் எல்லாம் புதிது. கார்பரேட்டர் ரப்பரில் தலைமயிர் அளவு வெடிப்பு இருந்தது, அதற்கும் புதிது வாங்கி வைத்திருந்தீர்கள். “பம்ப் இனி வேண்டாம். ஓட்டையைத் தகடு போட்டு அடைப்பம். போட்டுக்குக் கலக்கிற மாதிரிப் பெற்றோலோடையே கலந்து ஊத்துவம். பிழைக்கிறதுக்கு ஒரு சாமான் குறையும்” என்றீர்கள். எல்லாம் ஐஸ்கிரீம் பெட்டிகளில் பெயர் எழுதித் தயாராக இருந்தது. பூட்ட வேண்டியதுதான் மிச்சம். இலையுதிர்காலத்தில் உங்கள் நெஞ்சு நின்றுவிட்டது.

முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து வந்ததும், உங்கள் வீட்டுக்காரி, எங்கள் அக்கா, உங்கள் கொப்பியை என் கையில் தந்தார்.

“எஞ்சின் பூட்டுற விபரம் எல்லாம் இதிலை எழுதி வைச்சிருக்கிறார். வாசிச்சுப் பூட்டும்.”

“அக்கா, கண்ணாடியை…”

“கண்ணாடி உம்மடை சேட்டுப் பொக்கற்றிலைதான் கிடக்கு.”

அன்றைக்குத்தான் சொன்னேன். அக்கா அதிர்ச்சி அடையவில்லை. “நான் வாசிச்சுச் சொன்னால் எனக்கும் விளங்காது, உமக்கும் விளங்காது. இரும்” என்று பென்சிலை எடுத்து ‘பி’ எழுதினார். எல்லோரும் ‘அம்மா’வில் தொடங்குவார்கள். நான் தொடங்கியது ‘பிஸ்டனில்’. இரண்டு வருடம், சனிக்கிழமை தோறும், பிழை விட்டால் அக்கா பொரிக்கும் ரோல்ஸ் கிடையாது.

இந்தத் தை மாதம் அக்கா வீட்டை விற்றுவிட்டார். ஹ்விடோவ்ரேயில் மகள் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வீடு. “மாத முடிவிலை சாவி குடுக்க வேணும், தம்பி. ஓடினால் நீர் கொண்டு போம். ஓடாட்டில் பழைய இரும்புக்காரனுக்குச் சொல்லிட்டன்” என்றார். நான் கெடுத்த எஞ்சின். நான் இருக்கும்போதே அதை இரும்பாக ஏற்றுவதா? தினமும் கராஜுக்குப் போனேன். ஒரு வரி வாசிப்பேன், ஒரு சாமான் பூட்டுவேன். ‘பிஸ்டனில் உள்ள அம்புக்குறி புகைக்குழாய்ப் பக்கம் பார்க்க வேண்டும்.’ நான் மறுபக்கம் வைத்திருந்தேன்! கழற்றித் திருப்பினேன். ‘சிலிண்டர் தலை நட்டுகளைக் குறுக்கே மாற்றி மாற்றி, மூன்று தரமாக இறுக்கவும்.’ அப்படியே செய்தேன்.

போன வியாழன் பம்ப் எடுக்கும் பக்கத்துக்கு வந்தேன். ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டினேன். ‘பம்ப் பழுதில்லை. எண்ணெய் மாறிப்போனது. பம்பும் எண்ணெய்த் தாங்கியும் வேண்டாம். கலவையைத் தம்பி கண்ணாலேயே சரி பார்ப்பார்.’

பிழையாக வாசிக்கிறேன் என்று நினைத்து மறுபடி வாசித்தேன். அதே சொற்கள்தான். முதலில் வெட்கம் வந்தது. கொஞ்ச நேரத்தில் சிரிப்பு வந்துவிட்டது அண்ணை, தனியே இருந்து சத்தமாகச் சிரித்தேன். எழுத்துத் தெரியாத ஒருவன் பிழை விடமுடியாத மாதிரி ஒரு எஞ்சினையே மாற்றிக் கட்டியிருக்கிறீர்கள். பாவம், ஒரு நல்ல பம்புக்குப் பழி!

அக்காவிடம் ஓடிப்போய்க் கேட்டேன். “அண்ணைக்குத் தெரியுமே?”

“உம்மடை கண்ணாடிக் கதையை நம்புறதுக்கு அவர் என்ன விசரே?”

இன்று காலை பெற்றோலையும் எண்ணெயையும் நாற்பதுக்கு ஒன்று என்று கலந்தேன். புது பிஸ்டன் என்பதால் எண்ணெய் ஒரு சொட்டு அதிகம். நிறத்தைப் பார்த்தேன், சரி. கயிற்றை இழுத்தேன். ஒன்றுமில்லை. ஐந்தாவது இழுவையில் இருமியது. ஏழாவதில் கராஜ் முழுக்கப் புகை, சத்தம், அந்தச் சத்தம்! அக்கா காதைப் பொத்திக்கொண்டு, “நிப்பாட்டும், அயலட்டைச் சனம் பொலிசைக் கூப்பிடப் போகுது!” என்று கத்தினார். முகம் முழுக்கச் சிரிப்பு.

நல்ல காலம், இந்தக் கிழமை பனி கொட்டியிருக்கிறது. பின்வளவுக்காரரின் வயலில் ஓட்டச் சம்மதம் கேட்டிருந்தேன். அக்காவும் பின்னால் ஏறினார். முதல் சுற்றில், “மெல்ல, மெல்லப் போம்!” இரண்டாவது சுற்றில், “இதென்ன மாட்டுவண்டியே?” எட்டுச் சுற்று, ஒரு தடங்கல் இல்லை. நிறுத்திப் பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன். நீங்கள் சொல்லும் அதே நிறம், பால் விடாத பிளேன்ரீ நிறம்.

உங்கள் கொப்பியின் கடைசி வரி ‘ஓடிப் பார்த்த நாள்’ என்று இருக்கிறது. பக்கத்தில் நீங்கள் இடம் விட்டிருந்தீர்கள். அதில் என் கையால் எழுதிவிட்டேன்: ‘இன்று. எண்ணெய் மாற்றி ஊற்றியது நான்தான் அண்ணை. எஞ்சின் நல்லாய் ஓடுது.’ கோடு கொஞ்சம் வளைந்துவிட்டது.

மாசியில் சுவீடனுக்குப் போகிறேன். மீன் பேணியும் வருகிறது. அதில் இருப்பது டெனிஸ் எழுத்து. அக்கா எனக்குத் தமிழ் மட்டுந்தானே சொல்லித் தந்தார். இன்று காலையும் வால் இல்லாத உங்கள் மீனைப் பார்த்துத்தான் ஊற்றினேன்.