கடைசியாகக் கொஞ்சம் சோப்பு

தேகு, கொரியா
12.1.2025

அன்புள்ள ஜீவிதா,

சின்னாளப்பட்டியில் உன் வீட்டில் எல்லோரும் சுகம்தானே? நான் கொரியா வந்த பிறகு நீ மெயில் எழுதுவதே குறைந்துவிட்டது.

இங்கே நம் தங்க நானோ துகள்கள் கரைசலில் தனித்தனியாக நிற்கவே மாட்டேன் என்கின்றன. ஒட்டாமலிருக்க மேலே எந்த ரசாயனப் பூச்சும் இல்லாமல் நாம் செய்த கரைசல், திண்டுக்கல் லேபில் மாதக்கணக்கில் சிவப்பாக இருந்ததே! இங்கே மாலைக்குள் நீலமாகி அடியில் படிகிறது. அதைப் பற்றி நாம் எழுதிய ஆய்வுக் கட்டுரையை நம்பித்தான் இங்கே எனக்கு வேலை கொடுத்தார்கள். நீ ஒரு முறை செய்து பார். எதை விட்டேன்?

உன் அக்கா
ஷாஹினா

திண்டுக்கல்
2.2.2025

அன்புள்ள அக்கா,

நீங்கள் எதையும் விடவில்லை. குப்பியைத் திராவகத்தில் கழுவிவிட்டு, வாடை போக டிபன் டப்பா கழுவும் சோப்பைக் கடைசியாகக் கொஞ்சம் போடுவோமே, அங்கே அதைச் செய்திருக்க மாட்டீர்கள். அந்தச் சோப்புப் படலம்தான் பூச்சு. நம் கட்டுரை தப்பு.

அதோடு போகவில்லை. பேகம்பூரில் உங்கள் தெரு அடிபம்புத் தண்ணீரை அந்தக் கரைசலில்தான் சோதித்தோம். ஈயம் இருந்தால் நீலமாகும், ஆகவில்லை, குடிக்கலாம் என்று சொல்லிவிட்டு வந்தோம். சோப்பு மூடிய துகள் ஈயம் இருந்தாலும் நிறம் மாறாது. சோப்பில்லாத குப்பியில் கரைசலைப் புதிதாகச் செய்து அந்தத் தண்ணீரை ஊற்றினேன், உடனே நீலம். மதுரையில் ஒரு லேபில் தண்ணீரைக் கொடுத்துப் பார்த்தேன், அவர்களும் ஈயம் என்கிறார்கள்.

அழுகைகூட வரவில்லை. மரத்துப்போய் உட்கார்ந்திருக்கிறேன். என்ன செய்யட்டும்?

ஜீவிதா

தேகு
4.2.2025

அன்பு ஜீவி,

பேகம்பூரில் என் அம்மாவை இன்றே கேன் தண்ணீர் வாங்கச் சொல். ஏன் என்று கேட்டால் பம்புத் தண்ணீரில் உப்பு என்று சொல்லிவிடு. தெருவில் வேறு யாரிடமும் இப்போது பேச வேண்டாம். மார்ச்சில் என் வேலையை நீட்டிக்கிறார்கள். அது முடிந்ததும் நானே கட்டுரையைத் திரும்பப் பெறுகிறேன். உன்னையும் இங்கே அழைத்துக்கொள்கிறேன். என்னைத் தப்பாக நினைக்காதே.

ஷாஹினா

திண்டுக்கல்
9.2.2025

ஷாஹினா அவர்களுக்கு,

உங்கள் அம்மாவிடம் உப்பு என்றுதான் சொன்னேன். “உப்புன்னா தெருவுக்கே உப்புதானே? எனக்கு மட்டும் எதுக்குக் கேனு?” என்றார். உள்ளதைச் சொல்லிவிட்டேன்.

“எம் மகளுக்குத் தெரியுமா?” என்றார். தெரியும் என்றேன். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, அடுத்த வீட்டு ஆரிபாவிலிருந்து தொடங்கி வீடு வீடாகச் சொல்லப் போனார். நானும் கூடப் போனேன். கட்டுரை வந்த இதழுக்கும் எழுதிவிட்டேன்.

உங்கள் மேல் கோபம் இல்லை. எதுவுமே இல்லை.

அம்மா ஒன்று சொல்லச் சொன்னார்: “இனிமே போன்ல, தண்ணி குடிச்சியாம்மான்னு என்னைக் கேக்க வேணாம்னு சொல்லு.”

ஜீவிதா